மலை சாய்ந்த கதை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நமது ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி மாணவர் பேரவைத் தோழர்கள் கேட்டார்கள். காமராசர், பகத்சிங், கலாம் ஐயா பற்றியெல்லாம் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இங்கே நிறைய உண்டு. நான் எழுதப் போவது உடம்பாலேயே பெரியவராகிப் போன ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஆண்ட்ரே தி ஜெயன்ட். குஸ்திக்காரர். சிரிக்காதீர்கள்! முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

போன வருஷம் விடுதியில் நடந்த ரகளை பலருக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து பத்துப் பேர் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. பார்த்துக்கொண்டிருந்தோம். ரோமன் ரெய்ன்ஸ் ஓடி வந்து ஒரு இடி இடிக்கிறார், எதிராளி அந்தரத்தில் பறந்து விழுகிறார். இதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து ஆடுகிற டிராமா என்று சிவில் நண்பன் ஒருவன் சொல்லிவிட்டான். எலக்ட்ரிகல் நண்பனுக்கு வந்ததே கோபம்! தலையணை பறந்தது. வார்டன் வந்தார். விளக்கு அணைந்தது. நான் மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஏனென்றால் எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா எட்டாவதோடு நின்றவர். மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுப் பரண்மேல் அவருடைய பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கிடக்கும். அதற்குள்ளே இரண்டு கோலிக்குண்டு, ஒரு பம்பரம், அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ட்ரம்ப் கார்டுகள். 90-களில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் அந்த கார்டு பற்றிச் சொல்வார்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்யுத்த வீரரின் படம், கீழே உயரம், எடை, மார்பளவு, ரேங்க். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எண்ணைச் சொல்லி வெட்ட வேண்டும். அப்பா சின்ன வயசில் உயிராக வைத்திருந்த கார்டு ஆண்ட்ரேயுடையது. உயரம் என்று சொல்லிப் போட்டால் எதிரில் இருப்பவன் முகம் வாடிப்போகுமாம். நானும் அதே கார்டை வைத்துத்தான் விளையாடினேன். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது என்று பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவருடைய முழுப் பெயர் ஆண்ட்ரே ரெனே ருசிமோஃப். 1946-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் கூலோமியே என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்தில் மொலியான் என்ற சின்னக் கிராமம். அப்பா பல்கேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர். விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியிருந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாராம். அந்தப் பிள்ளைகளில் ஆண்ட்ரேயும் ஒருவன். பெக்கெட் 1969-இல் நோபல் பரிசு வாங்கினவர். நோபல் பரிசுக்காரர் வண்டியில் பள்ளிக்கூடம் போன பையன், கணக்கில் கெட்டிக்காரன், 14 வயசில் படிப்பை விட்டுவிட்டான். நிலத்தில் வேலை செய்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம்தான்! எங்கள் அப்பா சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு ஆண்ட்ரே செய்த வேலைகள் நமக்கு நெருக்கமானவை. மர வேலையில் அப்ரண்டிஸ். பிறகு, வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு என்ஜின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அதாவது நம்மைப் போலப் பட்டறை வாடை தெரிந்தவர். 18 வயசு வாக்கில் பாரிசுக்குப் போனார். அங்கே ஒரு குஸ்தி ஏற்பாட்டாளர் அவர் உடம்பைப் பார்த்ததுமே இது காசு என்று கணக்குப் போட்டுவிட்டார். ராத்திரியில் குஸ்திப் பயிற்சி, பகலில் வயிற்றுப் பாட்டுக்கு வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான் தூக்குகிற வேலை. எனக்கும் இப்போது 18 வயசு. அவரும் லோடுமேன்தான் என்று படித்த அன்றைக்கு, பரண்மேல் கிடந்த கார்டு எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

அவர் ஏன் அத்தனை பெரிதாக வளர்ந்தார்? மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது அதுதான். பெரும்பாலும் அதில் ஒரு கட்டி வருவதால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். எலும்பு முற்றுவதற்கு முன் இப்படி நடந்தால் ஆள் உயரமாகிக்கொண்டே போவார். முற்றிய பிறகும் சுரந்தால் கை, கால், தாடை எல்லாம் பருக்கும். இதயமும் பெருக்கும். இதற்கு அக்ரோமெகலி என்று பெயர். 1970-இல் ஜப்பானுக்குக் குஸ்தி ஆடப் போன இடத்தில்தான் மருத்துவர்கள் அவருக்கு இந்த நோய் இருப்பதைச் சொன்னார்கள். அப்போது வயசு 24. ஆனால் அவர் சிகிச்சைக்கு இணங்கவேயில்லை. யோசித்துப் பாருங்கள்..... எந்த நோய் ஆளைக் கொல்லுமோ அதே நோய்தான் அவருக்குச் சோறும் போட்டது!

1971-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக்குப் போனார். ஆரம்பத்தில் கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாளில், இவரோடு மோத ஆள் ஏது என்று கூட்டம் குறைந்தது. அப்போதுதான் நியூயார்க்கின் பெரிய ஏற்பாட்டாளர் மூத்த வின்சென்ட் மக்மஹோன் கைக்கு வந்தார். மக்மஹோன் அவருக்குச் சொன்ன யோசனை எளிமையானது. குதிக்காதே, பறந்து உதைக்காதே, யாராலும் அசைக்க முடியாத மலையாக நில். 1973 மார்ச் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்ட்ரே தி ஜெயன்ட் என்ற பெயரில் முதல் ஆட்டம். ஒரே ஊரில் அதிக நாள் வைத்திருந்தால் ஜனங்களுக்குப் பழகிவிடும் என்று ஊர் ஊராக, நாடு நாடாக அனுப்பினார்கள். நம்ம ஊர் சர்க்கஸ் யானை கதைதான். 1974 கின்னஸ் புத்தகத்தில் அதிகச் சம்பளம் வாங்கும் மல்யுத்த வீரர் என்று அவர் பெயர் ஏறியது, ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். 1976-இல் ஷியா ஸ்டேடியத்தில் சக் வெப்னர் என்ற குத்துச்சண்டை வீரரை அலாக்காகத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டார்.

மேடையில் அறிவித்த உயரம் 7 அடி 4 அங்குலம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் விமான இருக்கை, கழிப்பறை, விடுதிக் கட்டில், கார் எதுவுமே அந்த அளவுக்குச் செய்யப்படவில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் பயணம் செய்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. அளவில்லாமல் குடித்தார். அவர் குடித்த கணக்கை இன்றைக்கும் சாதனை மாதிரிச் சிலர் பேசுகிறார்கள். அதில் சாதனை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வலிக்காகத்தான் அந்தப் பழக்கத்தில் விழுந்தார்கள்.

இப்போது விடுதிச் சண்டைக்கு வருகிறேன். நிஜமா, நாடகமா?

யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். இதை 1989-இல் அந்த நிறுவனமே நியூ ஜெர்சி சட்டசபைக்குச் சொல்லிவிட்டது. விளையாட்டு என்று சொன்னால் அரசாங்கக் கட்டுப்பாடும் வரியும் வரும், கேளிக்கை என்று சொன்னால் தப்பிக்கலாம் என்பதால் சொன்னது. ஆனால் விழுவது? அந்த மேடையின் அமைப்பைப் பாருங்கள். அடியில் எஃகுச் சட்டம், அதன்மேல் மரப் பலகை, அதன்மேல் மெல்லிய நுரை மெத்தை, அதன்மேல் கான்வாஸ் துணி. அவ்வளவுதான். விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழக் கற்றுக்கொள்கிறார். முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்தோமே, விசையைப் பரப்பளவால் வகுத்தால் ஸ்ட்ரெஸ் என்று! பரப்பு கூடினால் ஓரிடத்தில் படுகிற அடி குறையும். குறையுமே ஒழிய, விசை எங்கேயும் ஓடிப் போகாது. வருஷக் கணக்கில் எல்லாம் முதுகெலும்புக்குத்தான் போய்ச் சேரும்.

ஆண்ட்ரே வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1981-இல் கில்லர் கான் என்பவர் கயிற்றின்மேல் ஏறிக் குதித்து ஆண்ட்ரேயின் கணுக்காலை உடைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. பழிக்குப் பழி ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. உண்மையில் கால் உடைந்தது காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோது! கதை பொய், உடைந்த கால் நிஜம்.

1986-இல் தி பிரின்சஸ் பிரைட் என்ற ஹாலிவுட் படத்தில் ஃபெசிக் என்ற பலசாலியாக நடித்தார். அந்த நேரம் முதுகு மிகவும் மோசமாகி, அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கதைப்படி கதாநாயகியை அவர் கைகளில் தாங்க வேண்டும். ஒல்லியான பெண்தான். ஆனால் அந்தப் பெண்ணின் எடையைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. கம்பி கட்டித்தான் படம் எடுத்தார்கள். உலகத்திலேயே பலசாலி என்று போஸ்டர் ஒட்டப்பட்ட மனிதரின் நிலைமை இது.

இதற்குப் பிறகுதான் அவருடைய பெரிய ஆட்டமே வருகிறது. 1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலம், பான்டியாக் சில்வர்டோம், ரெசில்மேனியா மூன்று. எதிரில் ஹல்க் ஹோகன். நிறுவனம் அறிவித்த கூட்டம் 93,173 பேர். அந்த எண்ணிக்கை பற்றி இன்று வரை வழக்கு ஓய்ந்தபாடில்லை. 15 வருஷமாகத் தோற்காதவர், ஒருவராலும் தூக்க முடியாதவர் என்று ஆண்ட்ரேயைப் பற்றி விளம்பரம். அதுவும் முழு உண்மை கிடையாது. 1980-இல் இதே ஹோகன் ஷியா ஸ்டேடியத்தில் அவரைத் தூக்கியிருக்கிறார். இருந்தாலும் ஜனங்கள் நம்பினார்கள், நம்ப விரும்பினார்கள். கடைசியில் ஹோகன் அறிவிக்கப்பட்ட 236 கிலோவையும் தூக்கிக் கீழே போட்டார். கால் நீட்டி விழுந்து அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மலை சாய்ந்தது! குஸ்தி உலகத்தில் இந்தக் காட்சியைப் போல் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது வேறு எதுவும் இருக்காது.

ஹோகன் புகழின் உச்சிக்குப் போனார். 2025 ஜூலை 24-இல் அவர் இறந்தபோதும் எல்லோரும் முதலில் பேசியது அந்தத் தூக்கலைத்தான். ஆனால் ஒரு விஷயம் நண்பர்களே..... அந்த எடையுள்ள மனிதரை, அவர் சம்மதம் இல்லாமல் யாரும் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவரும் எம்பிக் கொடுக்க வேண்டும், உடம்பை வளைத்துக் கொடுக்க வேண்டும். தன்னை யார் தூக்கலாம், யார் கூடாது என்பதை ஆண்ட்ரேதான் தீர்மானித்தார். அன்றைக்கு அவர் அறுவைச் சிகிச்சை செய்த முதுகோடு, பனியன் மாதிரியான ஆட்ட உடைக்கு உள்ளே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தூக்கியவருக்குப் பேர். விழக் கொடுத்தவருக்கு வலி.

இந்த ஆட்டத்தை நான் செல்போனில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயசில் கார்டில் மட்டும் பார்த்த ஆள் நடமாடுவதைப் பார்த்து அப்பா முதலில் பையன் மாதிரிச் சிரித்தார். பாதி ஆட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஆளுக்கு இடுப்பு போயிடுச்சு என்று மெதுவாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நிற்கும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பார், மூட்டையை இறக்கிவிட்டு லாரிப் பலகையைப் பிடிக்கிற மாதிரி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், அந்தக் கையை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த இடுப்பு பெல்ட்டைப் பார்த்திருந்தேன். அப்பாவுடையது. சட்டைக்குள்ளே கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வெளியே தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். எங்களிடமும் சொல்லவில்லை. ஒரு லாரியில் 120 மூட்டை, ஒவ்வொன்றும் 75 கிலோ. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 30 மூட்டை, 2,250 கிலோ. ஹோகன் 236 கிலோவை ஒரு தடவை தூக்கினார், உலகமே கைதட்டியது. இந்தக் கணக்கை என் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. உடம்புதானே சோறு போடுது!

ஆண்ட்ரேயும் கடைசி வரை உடம்பை நம்பித்தான் ஓடினார். 1988 பிப்ரவரி 5-இல் ஹோகனை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார், அதுவும் கதைப்படி உடனே இன்னொருவர் கைக்குப் போனது. பிறகு நடக்கவே சிரமம். கயிற்றைப் பிடித்தபடியே 1992 டிசம்பர் வரை ஜப்பானில் ஆடினார். 1993 ஜனவரியில் அவருடைய அப்பா இறந்தார். அடக்கத்துக்காகப் பிரான்ஸ் போனவர், ஜனவரி 28 அன்று பாரிசில் ஓர் ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். வயசு 46. சாம்பலை அமெரிக்காவில் வட கரோலினாவில் இருந்த அவருடைய பண்ணையில் தூவினார்கள். அந்த வருஷமே நிறுவனம் புகழ் மண்டபம் ஒன்றைத் தொடங்கி, முதல் பெயராக அவர் பெயரை எழுதியது. அந்த நேரத்தில் எங்கள் அப்பாவுக்கு 12 வயசு. ஆள் செத்துப்போனது தெரியாமலே உயரம், உயரம் என்று கத்தி அந்த கார்டைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைய குஸ்திக்கும் இன்றைய குஸ்திக்கும் என்ன வித்தியாசம்? டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயர், வனவிலங்கு அமைப்போடு வந்த வழக்கால் 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது. அந்தக் காலத்தில் டி.வி. முன் காத்துக் கிடந்ததை இன்று சட்டைப் பையில் வைத்துப் பார்க்கிறோம். வாணவேடிக்கை கூடிவிட்டது, குட்டிக்கரணம் கூடிவிட்டது. என்னைக் கேட்டால் பெரிய வித்தியாசம் வேறே. பிக் ஷோ என்ற பால் வைட்டை 1995-இல் ஆண்ட்ரேயின் மகன் என்று கதை கட்டி மேடையேற்றினார்கள். அவருக்கும் இதே நோய் இருந்தது. ஆனால் இளவயசிலேயே பிட்யூட்டரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நம் நாட்டு கிரேட் காலி 2012-இல் அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டார். இருவருமே ஆண்ட்ரே எட்டாத வயசை எட்டிவிட்டார்கள். 2014-இல் ஆண்ட்ரே நினைவுக் கோப்பைப் போட்டி முதன்முதலாக நடந்தபோது, கடைசியில் அந்த பிக் ஷோவைத்தான் செசாரோ என்பவர் தூக்கி வெளியே போட்டு ஜெயித்தார். அதே பழைய காட்சி! ஆனால் தூக்கப்பட்டவர் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தவர்.

இதை நான் அப்பாவிடம் சொன்னேன். ஆண்ட்ரேக்கு 46, உங்களுக்கு இப்போ 44 என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் வருத்தப்பட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கிறது, இனிமேல் சுமை தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இப்போது மண்டியில் மூட்டை எண்ணி எழுதுகிற வேலை. கூலி பாதிதான். வீட்டில் கஷ்டம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நான் சனி, ஞாயிறு ஒரு லேத் பட்டறைக்குப் போகிறேன். எட்டாவது படித்தவர் கணக்கு எழுதுகிறார். தப்பு வருகிறதா என்று சாயங்காலம் போனில் என்னிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார். இதுவரை ஒரு தப்பும் வந்ததில்லை.

விடுதி நண்பர்களே, சண்டைக்கு என் தீர்ப்பு இதுதான். குஸ்தியில் கதை டிராமா, விழுவது நிஜம். இனி யாராவது ஒருவர் இன்னொருவரைத் தலைக்குமேல் தூக்கினால் தூக்குகிறவருக்குக் கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே விழுகிறவரையும் ஒரு நிமிஷம் பாருங்கள். பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும்போது, உங்களைத் தூக்கிவிட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அந்த கார்டு இப்போது என் டிராயிங் பாக்ஸில் இருக்கிறது. யாராவது விளையாட வந்தால் தரத் தயார். ஆனால் ஆண்ட்ரேயை வெட்டுவது கஷ்டம், சொல்லிவிட்டேன்!